மங்கலாக்குபவர் பார்த்த காட்சி

தொலைக்காட்சியில் விபத்துச் செய்தி ஓடுகிறது. சாலையில் கிடக்கும் உடலின் மேல் ஒரு மங்கலான கட்டம். முகம் தெரிவதில்லை, காயம் தெரிவதில்லை. பரவாயில்லை, நாகரிகமாகத்தான் காட்டுகிறார்கள் என்று நினைத்துக்கொண்டு நாம் சோற்றைப் பிசைகிறோம். அந்தக் கட்டத்தைப் போட்டவர் ஒருவர் இருக்கிறார். ஏ.சி. உறுமும் எடிட்டிங் அறையில், காதில் ஹெட்போனோடு உட்கார்ந்திருப்பவர். நம் நாட்டு ஒளிபரப்பு முறையில் ஒரு நொடி வீடியோ என்பது 25 படங்கள். கேமரா அசைய அசைய உடலும் திரையில் இடம் மாறும். மங்கல் கட்டமும் கூடவே நகர வேண்டும். எங்கேயாவது நழுவிவிட்டதா என்று பத்து நொடிக் காட்சியை முன்னும் பின்னுமாக உருட்டி உருட்டிப் பார்ப்பார். 250 படங்கள். நாம் எதைப் பார்க்கக் கூடாதோ அதை அவர் முழுதாகப் பார்த்தாக வேண்டும். அதற்குத்தான் அவருக்குச் சம்பளம்.

அவரைப் பற்றி மருத்துவம் யோசிக்கத் தொடங்கியது மிகவும் பிந்தித்தான். முதலில் அது தேடிப்போனது தலைக்கவசமும் குண்டு துளைக்காத உடுப்பும் அணிந்த போர்ச் செய்தியாளர்களை.

அதுவுமே தற்செயல். கனடாவின் டொராண்டோ பல்கலைக்கழகத்து மனநல மருத்துவர் ஆண்டனி ஃபைன்ஸ்டைனிடம் போர்முனையிலிருந்து திரும்பிய ஒரு பத்திரிகையாளர் சிகிச்சைக்கு வந்தார். இவர்களைப் பற்றி ஏற்கெனவே யார் என்ன எழுதியிருக்கிறார்கள் என்று மருத்துவர் தேடினார். படைவீரர்களைப் பற்றி அலமாரி அலமாரியாக இருந்தது. காவலர்கள், தீயணைப்பு வீரர்கள் பற்றி இருந்தது. போர்ச் செய்தியாளர்களைப் பற்றி ஒன்றுமே இல்லை. போர்கள் நூறாண்டுக்கும் மேலாகத் தலைப்புச் செய்தியாகிக்கொண்டிருக்கும் உலகத்தில், அவற்றை எழுதியவர்களுக்கு என்ன ஆயிற்று என்று யாரும் எண்ணிப் பார்க்கவில்லை. அவரே எண்ணத் தொடங்கினார். 2002இல் வெளியான ஆய்வில் 140 போர்ச் செய்தியாளர்களையும், போர்முனைக்கே போகாத 107 பத்திரிகையாளர்களையும் ஒப்பிட்டார். முதல் அணியினர் சராசரியாக 15 ஆண்டுகள் போர்க்களங்களில் திரிந்தவர்கள். அவர்களில் 28.6 சதவீதம் பேருக்கு வாழ்நாளில் ஒருமுறையாவது பேரதிர்ச்சிக்குப் பிந்தைய மனஅழுத்த நோய் வந்திருந்தது. மருத்துவர்கள் சுருக்கமாக பி.டி.எஸ்.டி. என்பது இதைத்தான். ஐந்தில் ஒருவருக்குக் கடும் மனச்சோர்வும் வந்திருந்தது. துப்பாக்கி ஏந்திப் போரிட்டவர்களிடம் காணும் அளவுக்கு நெருக்கமான கணக்கு இது. படைவீரருக்குப் பயிற்சி உண்டு, பக்கத்தில் பட்டாளம் உண்டு, திரும்பி வந்தால் ராணுவ மருத்துவமனை உண்டு. போர்ச் செய்தியாளரிடம் இருந்தது ஒரு நோட்டும் பேனாவும்.

அதே ஆய்வின் இன்னொரு முடிவுதான் எனக்கு அதிகம் உறைத்தது. இவ்வளவு நோய் இருந்தும், போரே பார்க்காத மற்ற அணியினரைவிட இவர்கள் கூடுதலாகச் சிகிச்சைக்குப் போனதாகத் தெரியவில்லை.

கோவைக்கு இது எங்கேயோ நடக்கும் சங்கதி இல்லை. 1997 நவம்பர் 29ஆம் தேதி உக்கடம் பகுதியில் போக்குவரத்துக் காவலர் செல்வராஜ் குத்திக் கொல்லப்பட்டார். அதைத் தொடர்ந்த கலவரத்திலும் துப்பாக்கிச் சூட்டிலும் முஸ்லிம்கள் 18 பேர் உயிரிழந்தார்கள். இரண்டரை மாதம் கழித்து, 1998 பிப்ரவரி 14, சனிக்கிழமை. ஆர்.எஸ்.புரத்தில் பா.ஜ.க. தலைவர் எல்.கே.அத்வானியின் தேர்தல் பொதுக்கூட்டம். அவர் வர வேண்டிய விமானம் தாமதம். பிற்பகல் 3.50 மணிக்கு மேடைக்குச் சற்றுத் தள்ளி சண்முகம் ரோட்டில் முதல் குண்டு வெடித்தது. பிறகு ஒன்றன்பின் ஒன்றாக, நகரத்தின் 11 இடங்களில். ரயில் நிலைய வாகன நிறுத்தம் தப்பவில்லை, காயம்பட்டவர்களைத் தூக்கிக்கொண்டு ஓட வேண்டிய அரசு மருத்துவமனை வளாகமும் தப்பவில்லை. 58 பேர் இறந்தார்கள். 200க்கும் மேற்பட்டோர் காயமடைந்தார்கள்.

அன்று ஓடி ஓடிச் செய்தி சேகரித்தவர்கள் பெரும்பாலும் உள்ளூர்க்காரர்கள். அதே ரயில் நிலையத்தில் வண்டியை நிறுத்துகிறவர்கள். கடைவீதியான ஒப்பணக்கார வீதியில் பண்டிகைக்குத் துணி எடுக்கிறவர்கள். ஜி.எச். மார்ச்சுவரி வாசலில் இறந்தவர்களின் பட்டியலை எழுதும் உள்ளூர் நிருபருக்கு, அடுத்த பெயர் தெரிந்த பெயராக இருந்துவிடக் கூடாதே என்ற பதைப்பு பேனாவோடு கூடவே ஓடும். வெளிநாட்டிலிருந்து வந்து இறங்கும் செய்தியாளருக்கு இந்தப் பதைப்பு கிடையாது.

அது ஃபிலிம் ரோல் காலம். புகைப்படக்காரர் ஒரே காட்சியைப் பல தடவை பார்ப்பார். கேமரா வழியாக ஒரு தடவை. கழுவிய நெகட்டிவை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து ஒரு தடவை. டார்க் ரூமின் சிவப்பு விளக்கில், மருந்துத் தொட்டிக்குள் கிடக்கும் வெள்ளைத் தாளில் முகம் மெல்லத் திரண்டு வரும்போது இன்னொரு தடவை. அந்தக் கடைசித் தடவைதான் கனம். ஸ்பாட்டில் நிற்கும்போது கைக்கு வேலை இருக்கும்: ஃபோகஸ், வெளிச்சம், ரோலில் இன்னும் எத்தனை படம் மிச்சம், போலீஸ்காரர் விரட்டுவதற்குள் எந்தப் பக்கம் ஓடுவது. டார்க் ரூமில் பார்ப்பதைத் தவிர வேலையே கிடையாது.

அப்படிப் பார்த்த எல்லாமும் ஏன் ஒரே மாதிரி மறந்துபோவதில்லை? மண்டைக்குள் நடப்பதைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். காதுக்கு நேரே உள்ளே, மூளையின் அடிப்பகுதியில், இரண்டு பக்கமும் பாதாம் பருப்பளவுக்கு ஒரு முடிச்சு உண்டு. அமிக்டலா என்று பெயர். ஆபத்தை மோப்பம் பிடிப்பது அதன் வேலை. அதை ஒட்டியே ஹிப்போகேம்பஸ் இருக்கிறது. ஒரு நிகழ்ச்சி எங்கே நடந்தது, எப்போது நடந்தது, எதற்குப் பிறகு எது என்று நினைவுக்கு இடமும் காலமும் குறித்து வைப்பதில் இதற்குப் பெரும் பங்கு. நேற்று அன்னபூர்ணா ஓட்டலில் சாம்பார் இட்லி சாப்பிட்டது நேற்றைய சங்கதியாகவே நினைவுக்கு வருவது இந்தக் குறிப்பால்தான். உயிர்ப்பயமோ பெரும் அருவருப்போ தாக்கும்போது, ரத்தத்தில் அட்ரினலின் வகை ரசாயனங்கள் பாய்கின்றன. அமிக்டலா உச்சத்துக்குப் போய், காட்சியையும் சத்தத்தையும் ஆழமாகப் பதித்துவிடுகிறது. இடமும் காலமும் குறிக்கும் வேலை அந்த அமளியில் பின்தங்கிவிடுகிறது என்பது இன்று பல ஆய்வாளர்கள் ஏற்கும் விளக்கம். அதனால் அந்த நினைவு வரும்போது பழைய சம்பவமாக வருவதில்லை. இப்போது, இந்த நிமிஷம் நடப்பதாக வருகிறது. நெஞ்சு அடித்துக்கொள்கிறது, உள்ளங்கை வேர்க்கிறது. அறிவுக்குத் தெரியும், ஆண்டுகள் ஓடிவிட்டன என்று. உடம்புக்குத் தெரியாது.

வாசனை இதில் தனி ரகம். கண்ணும் காதும் அனுப்பும் செய்திகள் தலாமஸ் என்ற இடைநிலையம் வழியாகத்தான் மூளையின் மேற்பகுதிக்குப் போகும். மூக்கு அனுப்புவது அந்த நிலையத்தில் நிற்காமல் நேரே அமிக்டலாவின் அக்கம்பக்கத்துக்கே போய்விடும். வெடிமருந்து நெடி, எரிந்த டயர், ஃபார்மலின். குண்டுவெடிப்புத் தெருவில் நின்ற ஒருவருக்குத் தீபாவளிக் காலையில் தெருவெல்லாம் மத்தாப்புப் புகை சூழும்போது எரிச்சல் வருகிறது, காரணமில்லாமல் பிள்ளைகள் மேல் பாய்கிறார் என்றால், அது குணக்கோளாறாக இருக்க வேண்டிய அவசியமில்லை. வீட்டிலுள்ளவர்களுக்கு இது தெரிந்திருந்தால் பாதிச் சண்டை குறையும்.

இதுவரை சொன்னது சம்பவ இடத்தில் நின்றவர்களைப் பற்றி. எடிட்டிங் அறையில் இருப்பவர் புகையையும் முகரவில்லை, சிதறலையும் மிதிக்கவில்லை. அவருக்கு என்ன வந்தது?

2014இல் ஃபைன்ஸ்டைன் குழு இந்தக் கேள்விக்கு வந்தது. பொதுமக்கள் கைபேசியில் எடுத்து அனுப்பும் வன்முறைக் காட்சிகளைச் சரிபார்த்து வெட்டித் தரும் வேலையில் இருந்த 116 பத்திரிகையாளர்களை ஆராய்ந்தார்கள். யாரும் போர்க்களத்தில் நிற்கவில்லை. எல்லாம் திரை வழியாகத்தான். முடிவு தெளிவாக இருந்தது. ஒரு தடவை உட்கார்ந்தால் எவ்வளவு நேரம் பார்க்கிறார் என்பதைவிட, எவ்வளவு அடிக்கடி பார்க்கிறார் என்பதே பாதிப்போடு இறுக்கமாகப் பிணைந்திருந்தது. தினம் தினம் பார்த்தவர்களுக்குப் பதற்றமும் மனச்சோர்வும் அதிர்ச்சி நோயின் அறிகுறிகளும் கூடுதல், குடியும் கூடுதல்.

அமெரிக்க மனநல மருத்துவச் சங்கத்தின் நோய்க் கையேட்டில் பி.டி.எஸ்.டி. இடம்பெற்றதே 1980இல்தான். அதன் 2013ஆம் ஆண்டுப் பதிப்பில் ஒரு நுணுக்கமான விதி வந்தது. டி.வி.யிலோ இணையத்திலோ கொடுமையைப் பார்த்ததால் இந்த நோய் வந்தது என்று சொல்ல முடியாது. ஆனால் அப்படிப் பார்ப்பதே தொழிலாக இருந்தால் சொல்லலாம். வீட்டில் பார்ப்பவருக்கும் வேலைக்காகப் பார்ப்பவருக்கும் நடுவில் மருத்துவம் இப்படி ஒரு கோடு போட்டது. மங்கலாக்குபவர் அந்தக் கோட்டுக்கு உள்ளே வந்துவிட்டார்.

வீட்டில் பார்க்கும் நாமும் முழுக்கத் தப்பவில்லை என்பது வேறு கதை. 2013 பாஸ்டன் மராத்தான் குண்டுவெடிப்புக்குப் பிறகு நடந்த ஓர் ஆய்வில், அந்த வாரம் நாளுக்கு ஆறு மணி நேரத்துக்கு மேல் அந்தச் செய்தியையே பார்த்தவர்களுக்கு, நேரில் சிக்கியவர்களைவிடவும் அதிக மனஅழுத்தம் காணப்பட்டது. பார்த்ததால் பதற்றமா, பதற்றத்தால் பார்த்தார்களா என்று இதை வைத்துத் தீர்ப்புச் சொல்ல முடியாது. இருந்தாலும், ரிமோட்டைக் கீழே வைக்க இது போதுமான காரணம்.

உள்ளூர் நிருபரின் நிலைமைக்கு மறுபடி வருவோம். அந்த நிலைமையை இலங்கையின் யாழ்ப்பாணத்தைவிடத் தெளிவாகக் காட்டும் தமிழ் ஊர் வேறில்லை. இலங்கைப் போர்க் காலத்தில், 2001 ஏப்ரலில், லண்டன் சண்டே டைம்ஸ் செய்தியாளர் மேரி கால்வின் புலிகள் வசமிருந்த வன்னியிலிருந்து ராணுவக் கட்டுப்பாட்டுப் பகுதிக்குள் நுழையும்போது குண்டுச் சிதறலில் இடது கண் பார்வையை இழந்தார். கறுப்புக் கண்பட்டையோடு அவர் உலகப் புகழ் பெற்றார். பின்னாளில் லண்டனில் அதிர்ச்சி நோய்க்குச் சிகிச்சையும் எடுத்துக்கொண்டார். மறுபடி களத்துக்குப் போனார். 2012 பிப்ரவரி 22இல் சிரியாவின் ஹோம்ஸ் நகரில் கொல்லப்பட்டார். அவருக்குக் கண் போவதற்கு ஆறு மாதம் முன்பு, 2000 அக்டோபர் 19 இரவு, பி.பி.சி. தமிழோசை உட்படப் பல ஊடகங்களுக்குச் செய்தி தந்த மயில்வாகனம் நிமலராஜன் யாழ்ப்பாணத்தில் தன் வீட்டிலேயே, ஊரடங்கு நேரத்தில் சுட்டுக் கொல்லப்பட்டார். 2006 மே 2ஆம் தேதி அதே ஊரின் உதயன் நாளிதழ் அலுவலகத்துக்குள் புகுந்து சுட்டதில் ஊழியர்கள் இருவர் இறந்தார்கள். பத்திரிகை நிற்கவில்லை. கால்வினுக்குத் திரும்பிப் போக லண்டன் இருந்தது. உதயன்காரர்களுக்குச் செய்தி அறையும் வீடும் போர்முனையும் ஒரே ஊர். சைக்கிளில் போய்வரும் தூரம். அதிர்ச்சியிலிருந்து மீள மூளைக்கு முதலில் வேண்டியது, ஆபத்து முடிந்தது என்ற உறுதி. அந்த உறுதி கிடைக்காத ஊரில் எந்தச் சிகிச்சையும் பாதியில்தான் நிற்கும். இன்று காசாவில் செய்தி அனுப்புகிற பாலஸ்தீனப் பத்திரிகையாளர்களின் நிலையும் இதுவே.

போரே வேண்டுமென்பதில்லை. 2019 டிசம்பர் 2 அதிகாலை மேட்டுப்பாளையம் நடூரில் சுவர் இடிந்து 17 பேர் இறந்தார்கள். 2025 செப்டம்பர் 27 இரவு கரூர் வேலுச்சாமிபுரத்தில் கூட்ட நெரிசலில் 41 பேர் இறந்தார்கள். குழந்தைகளும் அதில் உண்டு. இப்படிப்பட்ட ஓர் இரவில் அரசு மருத்துவமனை வாசலில் மைக்கைப் பிடித்து நிற்பவருக்கு, அலுவலகத்திலிருந்து ஒரே கட்டளை வந்துகொண்டிருக்கும்: ஃபேமிலி பைட் வேணும், அதாவது குடும்பத்தாரின் பேட்டி. பிள்ளையைப் பறிகொடுத்த தாயின் முன்னால் மைக்கை நீட்ட வேண்டும். நீட்டாவிட்டால் போட்டிச் சேனலில் வந்துவிடும்.

இங்கே பயம் இல்லை, உயிராபத்தும் இல்லை. இருப்பது வேறொன்று. வியட்நாம் போர் வீரர்களோடு வேலை செய்த அமெரிக்க மருத்துவர் ஜோனதன் ஷே, 1990களில் இதை அறக்காயம் என்று பெயரிட்டுப் பேசினார். செய்யக் கூடாததைச் செய்தேன், அல்லது செய்ய வேண்டியதைச் செய்யாமல் நின்றேன் என்று மனசாட்சியில் விழும் அடி. 2015 வாக்கில் ஐரோப்பாவுக்குள் வந்த அகதிகளைப் பற்றி எழுதிய 80 பத்திரிகையாளர்களை ஆராய்ந்தபோது, அவர்களிடம் பி.டி.எஸ்.டி.யைவிட இந்த அறக்காயமே முன்னால் நின்றது. மூழ்கும் படகைப் படமெடுப்பதா, கேமராவைப் போட்டுவிட்டுத் தண்ணீரில் இறங்குவதா? எதைச் செய்தாலும் மனது கேட்பதில்லை. மாத்திரையால் மட்டும் ஆறுகிற காயமும் இல்லை இது. சக நிருபர்கள் இரண்டு பேர் டீக்கடை பெஞ்சில், 'நீ மட்டுமில்லீங்ணா, நானும் அன்னைக்கு அப்படித்தான் நின்னேன்' என்று பேசிக்கொள்வதில் அது கொஞ்சம் ஆறும். அந்தப் பேச்சுதான் நடப்பதில்லை. எப்படி இருக்கிறீர்கள் என்று கேட்டால், 'அதெல்லாம் ஒண்ணுமில்லீங்க, தூக்கம்தான் கொஞ்சம் வர்றதில்லீங்க' என்பதோடு முடிந்துவிடும். உழைப்புக்குப் பேர்போன கோவையில் முடியவில்லை என்று சொல்வது இழுக்கு. தாலுகா நிருபர்களில் பலருக்கு மாதச் சம்பளமே கிடையாது. அனுப்பும் செய்திக்கு இவ்வளவு என்றுதான் கணக்கு. லீவு கேட்பது யாரிடம்?

விஞ்ஞானம் கையை விரித்துவிடவில்லை. இந்தத் துறையில் வியப்பான ஒன்று டெட்ரிஸ். மேலிருந்து விழும் கட்டங்களைத் திருப்பி அடுக்கும் அந்தப் பழைய வீடியோ கேம்தான். ஒரு நினைவு மூளையில் உறைந்து இறுகச் சில மணி நேரம் பிடிக்கும். அந்த அவகாசத்துக்குள் கண்ணும் மனமும் வடிவங்களை அடுக்குவதில் மும்முரமாகிவிட்டால், கொடூரக் காட்சி படமாகப் பதிவதற்குப் போட்டி வந்துவிடுகிறது. எமிலி ஹோம்ஸ் என்ற ஆய்வாளரின் குழு 2009இல் இதை ஆய்வகத்தில் காட்டியது. 2017இல் லலிதா ஐயாதுரையும் சக ஆய்வாளர்களும் ஆக்ஸ்ஃபோர்டு மருத்துவமனை ஒன்றின் அவசரப் பிரிவுக்கே போனார்கள். சாலை விபத்தில் சிக்கி வந்த 71 பேரில் ஒரு பாதியினரை, ஆறு மணி நேரத்துக்குள், நடந்ததைச் சுருக்கமாக நினைத்துப் பார்த்துவிட்டு டெட்ரிஸ் ஆடச் சொன்னார்கள். அடுத்த வாரத்தில் விபத்துக் காட்சி தானாக வந்து மோதியது அவர்களுக்குப் பாதிக்கும் கீழே குறைந்திருந்தது. சம்பவம் மறக்கவில்லை, கேட்டால் சொல்வார்கள். அழைக்காமல் வந்து நிற்பதுதான் குறைந்தது. சிறிய ஆய்வு. இதை நம்பி யாரும் மருத்துவரைத் தவிர்க்கக் கூடாது.

நல்லது என்று எல்லோரும் நினைத்த ஒன்று பொய்த்தும் போயிருக்கிறது. பேரிடர் முடிந்த கையோடு எல்லோரையும் உட்கார வைத்து, 'நடந்ததையெல்லாம் கொட்டிவிடுங்கள்' என்று ஒரே அமர்வில் பேச வைக்கும் முறை பல ஆண்டுகள் உலகெங்கும் நடந்தது. சோதித்துப் பார்த்த ஆய்வுகளைத் தொகுத்தபோது, அது பி.டி.எஸ்.டி.யைத் தடுப்பதாகத் தெரியவில்லை. சிலருக்குக் கெடுதலாகவும் முடிந்திருக்கலாம் என்றே தெரிந்தது. பேச விரும்புகிறவர் பேசட்டும். விரும்பாதவரை வற்புறுத்தக் கூடாது. சில வாரங்கள் கழித்தும் தூக்கமின்மை, கெட்ட கனவு, திடுக்கிடல், எரிச்சல் தொடர்ந்தால், அதிர்ச்சியை மையமாகக் கொண்ட பேச்சுச் சிகிச்சைகள் இருக்கின்றன. அவை பலன் தருவது நிரூபணமான சங்கதி. பெரும்பாலோருக்கு அது தேவைப்படாமலே போகும். ஃபைன்ஸ்டைனின் கணக்கில்கூட 70 சதவீதத்துக்கும் மேலானோருக்கு பி.டி.எஸ்.டி. வரவே இல்லை.

செய்தி அறை செய்யக்கூடியவை செலவில்லாதவை. எடிட் செய்யும்போது ஒலி தேவையில்லாத இடத்தில் ஒலியை நிறுத்திவிடலாம். அலறலே படத்தைவிட ஆழமாகத் தைக்கும் என்று இந்த வேலையில் இருப்பவர்கள் சொல்கிறார்கள். திரையைச் சிறிதாக்கிக்கொள்ளலாம். ஒரே ஆளிடம் தினமும் பிணப் படத்தைத் தள்ளாமல் முறை மாற்றலாம். கோப்பின் பெயரிலேயே உள்ளே என்ன இருக்கிறது என்று எழுதிவிடலாம். நிருபர்களின் வாட்ஸ்அப் குழுக்களில் முன்னறிவிப்பே இல்லாமல் படங்கள் வந்து விழுகின்றன. தானாக இறங்கும் வசதியை நிறுத்தாத கைபேசியின் கேலரியில், மகளின் பிறந்தநாள் கேக்குக்கும் பள்ளி ஆண்டுவிழாப் படத்துக்கும் நடுவில் ஒரு மார்ச்சுவரிப் படம் உட்கார்ந்திருக்கும். பாட்டிக்குப் பேத்தியின் படத்தைக் காட்டும்போதும் விரல் அதைத் தாண்டித்தான் போக வேண்டும். அந்த ஒரு பொத்தானை அணைத்து வைப்பதே பெரிய உபகாரம்.

மிச்சமிருப்பது சட்டம். இதில் கோவைக்காரர்களுக்கு ஒரு முன்னனுபவம் உண்டு. 1888இல் ஸ்டேன்ஸ் மில் என்ற பஞ்சாலை வந்தது. 1930களில் பைக்காரா நீர்மின்சாரம் வந்தபின் பஞ்சாலைகள் பெருகின. பஞ்சைப் பிரித்துச் சிக்கெடுக்கும் புளோ ரூமிலும் கார்டிங்கிலும் நின்றவர்களின் நுரையீரலில் பஞ்சுத்தூசி சேர்ந்தது. அந்த நோய் விசித்திரமானது. ஞாயிறு லீவு முடிந்து திங்கட்கிழமை ஆலைக்குள் நுழைந்ததும் நெஞ்சு இறுகும். வாரம் போகப் போகத் தளரும். அதனால் தொடக்கத்தில் வேலையை யாரும் சந்தேகிப்பதில்லை; பீடி, சளி, பனி என்று பழி வேறெங்காவது போகும். மூச்சே நிரந்தரமாகக் குறைந்த பிறகுதான் விஷயம் புரியும். இன்று அதற்கு பிசினோசிஸ் என்று பெயர் உண்டு, சட்டத்தில் இடம் உண்டு, இழப்பீடு உண்டு. தூசி தொழிலிலிருந்து வந்தது, ஆகவே பொறுப்பும் தொழிலுக்கு உண்டு என்ற எளிய நியாயம் அது. கண் வழியாகச் சேர்வதற்கும் அதே நியாயம்தான் பொருந்தும் என்பது என் கட்சி.

ஆஸ்திரேலியாவில் ஒரு நீதிமன்றம் இதை ஏற்றுக்கொண்டுவிட்டது. மெல்பர்னின் தி ஏஜ் நாளிதழில் பத்தாண்டுகள் குற்றச் செய்திகளை எழுதிய ஒரு நிருபருக்கு வந்த பி.டி.எஸ்.டி.க்கு நிறுவனத்தின் கவனக்குறைவே காரணம் என்று 2019 பிப்ரவரியில் தீர்ப்பு வந்தது. இழப்பீடு 1,80,000 ஆஸ்திரேலிய டாலர். மேல்முறையீட்டிலும் அந்தத் தீர்ப்பு நின்றது. சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு அதற்கும் முன்பே, 2010இல், தொழில்சார் நோய்களின் பட்டியலில் பி.டி.எஸ்.டி.யைச் சேர்த்துவிட்டது.

நம் நாடாளுமன்றம் 2020இல் நிறைவேற்றிய தொழில் பாதுகாப்பு, சுகாதாரச் சட்டத்தொகுப்பு, 1955ஆம் ஆண்டின் உழைக்கும் பத்திரிகையாளர் சட்டத்தையும் தன்னுள் இழுத்துக்கொண்டது. அதன் மூன்றாம் அட்டவணையில், அறிவிக்கப்பட வேண்டிய தொழில் நோய்களின் பட்டியல் இருக்கிறது. ஈய நஞ்சு இருக்கிறது, பஞ்சுத்தூசி நோய் இருக்கிறது, இயந்திர இரைச்சலால் வரும் காது மந்தம் இருக்கிறது. மனநோய் ஒன்றுகூட இல்லை. கோவைப் பத்திரிகையாளர் சங்கங்கள் அடுத்த முறை அமைச்சரிடம் வீட்டுமனை மனுவை நீட்டும்போது, இந்த அட்டவணைக்கு ஒரு வரி கேட்டு இன்னொரு தாளையும் சேர்த்து நீட்டலாம். அது வரும்வரை, 2022 அக்டோபரில் மத்திய அரசு தொடங்கிய டெலி-மானஸ் என்ற மனநலத் தொலைபேசிச் சேவை இருக்கிறது. எண் 14416, தமிழிலும் பேசலாம், கட்டணமில்லை, நடுநிசியில் டூட்டி முடித்து வந்தும் அழைக்கலாம்.